நூறாம் நம்பர் நூல்

போன மாதம் பேரனுக்கு மொட்டையும் காதுகுத்தும். மலைமேல் நல்லபடியாக முடிந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் சம்பந்திக்கு வேட்டி எடுக்க நானும் மனைவியும் கடைக்குப் போயிருந்தோம். கடையில் இருந்த தம்பி ஒரு வேட்டியைப் பிரித்துப் போட்டு, "நூறாம் நம்பர் காட்டன் ஐயா, பட்டு மாதிரி இருக்கும்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கை கேட்கவில்லை. கரை ஓரத்தில் தொங்கிய ஓர் இழையை உருவி, முறுக்குக்கு எதிராகத் திருப்பிப் பிரித்து, அந்த நாரையெல்லாம் என் கறுப்புக் குடைமேல் வைத்துப் பார்த்தேன். "கடைக்கு வந்தா மானத்தை வாங்காம இருக்க மாட்டீங்களா?" என்று மனைவி காதோரம் முணுமுணுத்தாள்.

குடைமேல் கிடந்த நாரில் முக்கால்வாசி ஒரே நீளம், வெட்டி வைத்ததுபோல. செடியில் விளைந்த பஞ்சு எதுவும் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரே கொட்டையில் தலைப்பக்கம் ஒரு நீளம், அடிப்பக்கம் ஒரு நீளம் இருக்கும். "தம்பி, பாலியஸ்டர் கலந்திருக்கா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "கொஞ்சம் இருக்கும் ஐயா. கசங்காது, தேய்க்க வேண்டாம். இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க." பொய் சொல்லாமல் ஒத்துக்கொண்டாரே என்று அதையே வாங்கிக்கொண்டோம். சம்பந்திக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது.

என்னுடைய முப்பத்து நான்கு வருட வேலையே அந்த நாரைப் பற்றியதுதான்.

எங்கள் பூர்வீகம் பள்ளிப்பட்டு பக்கம் பொதட்டூர்பேட்டை. தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தறிச்சத்தம் கேட்கும். அப்பா குழித்தறி நெய்தார். அம்மாவும் அக்காவும் ராட்டையில் தார் சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் வேலை அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவது. சின்ன விரல், நல்ல கண் என்பதால் அந்த உத்தியோகம். அப்போது எங்கள் ஊர் ஆந்திரத்தில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவோடு நாங்களும் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. ஊர்வலம், கொடி, மிட்டாய் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காலையில் தறியில் இழை அறுந்தது மட்டும் முன்போலவே அறுந்தது.

எதிர்வீட்டில் தெலுங்குக்காரர் ஒருவர் நெய்துகொண்டிருந்தார். தெலுங்கில் நூலுக்கு 'தாரம்' என்று பெயர். "தாரம் தெகிபோயிந்தி" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தால், ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பாவம், சம்சாரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போவார்கள். எங்கள் தெருவில் இது பழைய ஜோக்.

அறுந்தால் என்ன என்று கேட்கலாம். கூலி நெய்த அளவுக்குத்தான். அறுந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. நாளைக்கு அம்பது அறுபது தடவை அறுந்தால், அந்த அம்பது அறுபது தடவையும் தறி நிற்கும். ஒருநாள் அப்பா அறுந்த முனையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "பாருடா, பஞ்சு குட்டை. குட்டைப் பஞ்சு ஒண்ணை ஒண்ணு சரியா புடிச்சிக்காது. எவ்ளோ கஞ்சி போட்டாலும் இதான் கதி." பின்னால் நான் படித்த புத்தகங்கள் இதையே பல பக்கங்களில் சொல்லின. நீளமான இழை பக்கத்து இழையோடு அதிக தூரம் ஒட்டிப் போகும். அதனால் குறைந்த முறுக்கிலேயே நூல் பலமாக நிற்கும், மெல்லிசாகவும் நூற்கலாம். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

"பஞ்சை நீளமா வெளைய வைக்க முடியாதாப்பா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கோயமுத்தூர்ல செய்றாங்களாம்" என்றார். எனக்குக் கோயமுத்தூர் என்ற பெயர் மனதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

விவசாயம் படித்து, 1974-ல் கோயம்புத்தூர் பக்கத்தில் ஒரு பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். பண்ணையின் பெயர் வேண்டாம். பெரிய விஞ்ஞானியாக எல்லாம் இல்லை. செடிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள்.

நான் சேர்ந்த காலம் நல்ல காலம். அதன் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பருத்தி ஆதியில் குட்டை இழைப் பருத்தி. கருங்கண்ணி, உப்பம் என்று தெற்கே கரிசலில் விளைந்தது அந்த வகை. கம்போடியாவிலிருந்து வந்த அமெரிக்க இனப் பருத்தி 1905 வாக்கில்தான் சென்னை மாகாணத்தில் கால் வைத்தது. கோயம்புத்தூர் பக்கத்துக் கிணற்றுப் பாசனத்தில் அது நன்றாக வந்தது. 1947-ல் பிரிவினை நடந்தபோது நீள இழைப் பருத்தி விளைந்த சிந்துவும் மேற்குப் பஞ்சாபும் அந்தப் பக்கம் போயின, மில்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் தங்கின. எகிப்திலிருந்தும் சூடானிலிருந்தும் அந்நியச் செலாவணி கொடுத்துப் பஞ்சு வாங்க வேண்டியிருந்தது. நீளமாக விளையும் பருத்தி வேண்டும் என்பது அப்போது அரிசிப் பிரச்சினைக்கு அடுத்த பிரச்சினை.

வரிசையாக நல்ல சேதிகள் வந்தன. 1968-ல் கோயம்புத்தூரில் எம்.சி.யு. 5 வந்தது. மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்ற மூன்று பெயரின் முதல் எழுத்துகள்தான் எம்.சி.யு. 1970-ல் சூரத்தில் சி.டி. பட்டேல், உலகத்திலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கான வீரிய ஒட்டுப் பருத்தியை, எச்-4 என்ற பெயரில் கொண்டுவந்தார். 1972-ல் தார்வாட்டில் கட்டார்க்கி, அமெரிக்க இனத்தையும் எகிப்து இனத்தையும் ஒட்டி வரலட்சுமியை வெளியிட்டார். நான் சேர்ந்த அதே 1974-ல் கோயம்புத்தூரிலிருந்து சுவின் வந்தது. சுஜாதா என்ற ரகத்தையும், மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் சேர்த்தது. சுஜாதாவின் 'சு', வின்சென்டின் 'வின்'. சுஜாதா, எகிப்தின் கார்னாக் பருத்தியிலிருந்து தேர்ந்தெடுத்தது. சுவின் இழை 38 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். நூறு, நூற்றிருபதாம் நம்பர் நூல் நூற்கலாம்.

இந்த நம்பர் கணக்கு நெசவாளி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள கழி எத்தனை நிற்கிறதோ அதுதான் நம்பர். நூறாம் நம்பர் என்றால் 84,000 கஜம், அதாவது கிட்டத்தட்ட 77 கிலோமீட்டர். அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சைப் பிடித்துக்கொண்டு திருத்தணியில் புறப்பட்டால் சென்னைக்குக் கொஞ்ச தூரம்தான் பாக்கி இருக்கும்.

வேலை எப்படி என்றால், மதியத்துக்குமேல் வயலில் இறங்குவோம். மறுநாள் பூக்கப்போகிற மொட்டைப் பார்த்தாலே தெரியும், சப்பையை விட்டு நுனி வெளியே நீண்டிருக்கும். கட்டைவிரல் நகத்தால் அடியில் கீறி, இதழையும் மகரந்தத் தண்டையும் ஒரே உருவாக உருவ வேண்டும். நடுவில் சூல்தண்டு மட்டும் நிற்கும். அதில் நகம் பட்டால் மொட்டு வீண். சிவப்புக் காகிதப் பையை மாட்டி, சீட்டுக் கட்டிவிட்டு, மறுநாள் காலை ஒன்பது மணிக்குமேல் ஆண் செடியின் பூவைப் பறித்துவந்து தடவ வேண்டும். ஒரு காயில் இருபது முப்பது விதை கிடைத்தால் சந்தோஷம். இந்த வேலையில் எங்களுக்குக் குரு பண்ணையில் கூலிக்கு வந்த பெண்கள்தான். "ஏனுங் தம்பி, பூவைக் கசக்காதீங்க, அது என்ன கறிவேப்பிலையா?" என்று ஒரு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பஞ்சு என்பது கொட்டையின் தோலில் முளைக்கும் முடி. ஒவ்வொரு முடியும் ஒரே ஒரு செல். ஒரு கொட்டையில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும். பூத்த அன்றைக்கு வளரத் தொடங்கி மூன்று வாரம் நீளும். அதற்கப்புறம் நீளுவது நின்று, உள்சுவர் கெட்டிப்படும். காய் வெடித்துக் காய்ந்ததும் குழாய் சப்பையாகி முறுக்கிக்கொள்ளும். அந்த நெளிவுதான் நூற்கும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள உதவுவது. நீளும் மூன்று வாரத்தில் தண்ணீர் குறைந்தால் இழை குட்டை. கெட்டிப்படும் நாளில் பூச்சியோ நோயோ வந்தால் நீளம் இருந்தும் முதிர்ச்சி இருக்காது. அப்படிப்பட்ட பஞ்சில் சாயம் சரியாகப் பிடிக்காது, நூலில் சின்னச் சின்ன முடிச்சாகத் திரளும். ஆகவே விதைக்குள் நாம் எதை வைத்தாலும் மானம் பார்த்துத்தான் பலன்.

இழை நீளம் பார்க்கக் கொட்டையோடு இருக்கும் பஞ்சைச் சின்னச் சீப்பால் வாரி, பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி விரித்து அளப்போம். பலமும் மென்மையும் பார்க்க ஒரு கூடம் இருந்தது. 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம். பண்ணையிலேயே ஏ.சி. இருந்த ஒரே அறை அது. பஞ்சுக்குத்தான், எங்களுக்கு இல்லை. வெயில் காலத்தில் எல்லோருக்கும் திடீரென்று இழைத் தரத்தில் அக்கறை வந்துவிடும்.

முதல் வருடத்திலேயே ஒரு கூத்து செய்தேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அப்பா எனக்கு ஒரு மைப்பேனா வாங்கித் தந்திருந்தார். ஒட்டுச் சீட்டுகளைப் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் பேனாவால் அழகாக எழுதினேன். நவம்பர் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. சீட்டெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. எந்தக் காய் எந்த ஆணுக்குப் பிறந்தது என்று தெரியவில்லை. நோட்டைப் பார்த்து வரிசையை வைத்து ஊகித்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பென்சிலால் புதுச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டேன். பாதிதான் நிச்சயம், மீதி குத்துமதிப்பு. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவே இல்லை. அந்த நாற்பத்துச் சொச்சம் காயையும் என்னையே பறிக்கச் சொல்லி, குப்பைக்குழியில் போடச் சொன்னார். ஒரு வருடம் போயிற்று. தப்பான சீட்டோடு ஒரு விதை உள்ளே போனால் பத்து வருடம் போகும், அதற்கு இது தேவலை என்றார். ரிட்டையர் ஆகிற நாள்வரை என் சட்டைப்பையில் பென்சில்தான் இருந்தது.

பத்து வருடம் என்று அவர் சொன்னது பேச்சுக்கு அல்ல. முதல் ஒட்டில் வருகிற செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அடுத்த தலைமுறையில் எல்லாம் சிதறும். அமெரிக்க இனத்தையும் எகிப்து இனத்தையும் சேர்த்தால் இன்னும் மோசம். முதல் தலைமுறை ராஜா மாதிரி நிற்கும், இரண்டாவதில் குள்ளம், மலடு, இலையாகவே போனது என்று விதம் விதமாக வரும். அதனால்தான் வரலட்சுமி போன்றவற்றுக்கு வருடா வருடம் புதிதாக ஒட்டு விதை வாங்க வேண்டும். நிலையான ரகமாக்க வேண்டுமென்றால் நல்ல செடியாகப் பொறுக்கி, அதன் விதையை மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்கி, ஆறேழு தலைமுறை போக வேண்டும். அதற்கப்புறம் பல ஊர்களில் சோதனை.

நான் அப்படி ஒன்றை வளர்த்தேன். வெளியிடுவதற்கு முந்தைய நிலையில் அதைக் கல்ச்சர் என்போம், நம்பர்தான் இருக்கும், பெயர் இருக்காது. மனதுக்குள் நான் அப்பாவின் பெயரை வைத்திருந்தேன். நல்ல நீளம், நல்ல பலம், சீப்பால் வாரினால் தண்ணீர் மாதிரி வழியும். மூன்று வருடச் சோதனையில் எம்.சி.யு. 5-ஐவிட மகசூல் எட்டில் ஒரு பங்கு குறைவு. அரவையிலும் குறைவு, அதாவது நூறு கிலோ பருத்தியை அரைத்தால் கிடைக்கிற பஞ்சு கம்மி. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டார்கள். இழை எப்படி இருக்கிறது என்று கேட்டவர் ஒருவர்தான். கேட்டுவிட்டு அவரும் அடுத்த தாளைப் புரட்டினார்.

எனக்கு அவர்கள்மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது. அந்தக் கோபம் போன இடம் சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் ஒரு களத்துமேடு. சுவின் போட்டு நல்ல பெயர் வாங்கிய பகுதி அது. நான் பார்க்கப் போன விவசாயி அந்த வருடம் சுவினை விட்டுவிட்டு வேறு போட்டிருந்தார். ஏன் என்றேன். "சார், அது ரொம்ப நாள் நிக்குது. மருந்து கூட அடிக்கணும். காய் சின்னது, பறிக்கிற ஆளு நாள் பூரா பறிச்சாலும் மடி நிறையாது, ஆனா கூலி அதே கூலி. வெளையும் கம்மி. பஞ்சு பட்டு மாதிரி இருக்குன்னு நீங்க சொல்றீங்க, மில்லுக்காரர் சொல்றாரு. ஏவாரி தராசைத்தானே சார் கொண்டாராரு? சீப்பையா கொண்டாராரு?"

அவர் கணக்கு சரி. நல்ல வருடத்தில் சுவினுக்கு விலை அதிகம் கிடைத்தது உண்மை. ஆனால் மில் வாங்காத வருடத்தில் அதை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். இழையின் நீளத்துக்கு உண்டான பணம் மில்லிலிருந்து புறப்பட்டு ஜின்னிங் ஃபாக்டரி, கமிஷன் மண்டி என்று வந்து களத்துமேட்டைத் தொடும்போது மிச்சம் இருப்பதில்லை. செடிக்குள்ளும் அதே இழுபறிதான். நீளத்துக்கும் மகசூலுக்கும் ஆகாது, ஒன்றைக் கூட்டினால் ஒன்று குறையப் பார்க்கும். என் கல்ச்சரைத் தள்ளியவர்கள் இந்த விவசாயியின் தராசைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது தோன்றியது. தோன்றியும் வருத்தம் முழுசாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

1981 தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்த நண்பரிடம் சொல்லிவைத்து, சுவினில் நூற்ற நூறாம் நம்பர் நூல் இரண்டு பவுண்டு வாங்கிக்கொண்டு போனேன். என் கல்ச்சர்தான் இல்லை, இதையாவது அப்பா கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அப்பா கழியைப் பிரித்து, ஓர் இழையை எடுத்து, நாக்கில் நனைத்து, இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அறுத்துப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நீளந்தான்" என்றார்.

அப்புறம் சொன்னார்: "இதுக்கு நம்ம அச்சு ஒத்துவராது."

நாற்பதாம் நம்பருக்கான அச்சு அவருடையது. அதன் பல் நெருக்கம் அவ்வளவுதான். நூறாம் நம்பருக்கு நெருக்கமான பல் வைத்த அச்சு வேண்டும், அதற்கேற்ற விழுது வேண்டும். இரண்டு பவுண்டு நூலுக்காக யார் புது அச்சு வாங்குவார்கள்? "வாங்கினாலும் இன்னா? மெல்லிசு நூல்ல ஒரு முழம் நெய்ய ரெண்டு முழம் நேரம் ஆவும். சங்கத்துல அதுக்குன்னு கூலி ஏத்திக் குடுப்பானா?" எனக்கு ஆத்தூர் களத்துமேடு ஞாபகம் வந்தது. அங்கே தராசு, இங்கே முழக்கோல்.

ஆனாலும் நூலைத் திருப்பித் தரவில்லை. தை பிறந்ததும் தன் பழைய அச்சிலேயே பாவு ஏற்றி நெய்துவிட்டார். மூன்று வேட்டி. கொசுவலை மாதிரி இருந்தது. கட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், வெளியே கட்டிக்கொண்டு போக முடியாது. எத்தனை தடவை இழை அறுந்தது என்று கேட்டு இன்லேண்ட் லெட்டர் போட்டேன். பதிலில் மழை, அக்கா பிரசவம், சங்கத்துப் பாக்கி எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் "ஏழு" என்று மட்டும் எழுதியிருந்தார். மூன்று வேட்டிக்கும் சேர்த்து ஏழு.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக மாறியது. எங்கள் பக்கம் விசைத்தறி பெருகி, குழித்தறிப் பள்ளங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். அப்பா 1994-ல் போய்ச் சேர்ந்தார். 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அதற்கப்புறம் சில வருடங்களிலேயே நாடு முழுக்க பி.டி. ஒட்டு விதைதான். மகசூலும் காய்ப்புழுவும்தான் பேச்சு. ரொம்ப நீளமான இழை வேண்டுமென்றால் மில்கள் இன்றைக்கும் அமெரிக்க பீமாவையும் எகிப்தின் கிசாவையும் கப்பலில் வரவழைக்கின்றன. சுவின் விளைகிற இடம் கொஞ்சம்தான். நான் 2008-ல் ஓய்வு பெற்றுத் திருத்தணிக்கு வந்துவிட்டேன். நான் ஒட்டுச்சேர்த்த எதுவும் ரகமாக வெளிவரவில்லை.

அந்த மூன்று வேட்டியில் ஒன்று அக்காவுக்குப் போயிற்று, ஒன்று அப்பாவோடு போயிற்று. மூன்றாவதைப் பெட்டியில் வைத்திருந்தேன். பேரன் பிறந்தபோது, குளிப்பாட்டித் துடைக்க இதைவிட மெத்தென்ற துணி கிடைக்காது என்று மனைவி அதில் பாதியைக் கிழித்துவிட்டாள், என்னைக் கேட்கவே இல்லை. காதுகுத்தின்போது மலையில் அவன் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிவிட்டு நெற்றியில் வழிந்ததைத் துடைத்தது அந்தத் துண்டால்தான். மீதிப் பாதி இன்னும் பெட்டியில் இருக்கிறது. சின்னவளுக்குப் பிள்ளை பிறந்தால் அதுவும் போய்விடும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.